எழுபது வயதும் மூன்று மணி நேரமும்



மூத்தோர் தடகளப் போட்டிகளில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்கிற வேலை எனக்கு அவ்வப்போது வாய்க்கும். பிறந்தநாள் எப்போது வரும் என்று ஆவலோடு காத்திருக்கும் பெரியவர்களை அங்கேதான் பார்த்தேன். ஒருவர் சொன்னார்: "தை பிறந்தா எனக்கு எழுபது, தம்பி. அப்புறம் அந்த குரூப்புல நான்தான் சின்னப் பையன்!"

35 வயதில் தொடங்கி ஐந்தைந்து ஆண்டாகப் பிரிவுகள். குண்டு எறிதலில் வயது ஏற ஏறக் குண்டின் எடை இறங்கும். ஆண்களுக்கு ஐம்பதில் 6 கிலோ, எழுபதில் 4, எண்பதில் 3. மாரத்தானிலோ இந்தச் சலுகையெல்லாம் கிடையாது. எந்த வயதானாலும் 42.195 கிலோமீட்டர்தான்.

அங்கேதான் என் நாயகன் வருகிறார். எட் விட்லாக். 1931இல் இங்கிலாந்தில் பிறந்து, கனடாவில் மில்டன் என்ற ஊரில் வாழ்ந்த சுரங்கப் பொறியாளர். இளமையில் ஓடியதைக் கனடாவுக்குப் போனதும் விட்டுவிட்டார். மறுபடி ஓடத் தொடங்கியது நாற்பதைத் தாண்டித்தான். மாரத்தானுக்கு அவரை இழுத்து வந்தது மகன். ஓடியே தீருவேன் என்று பையன் அடம்பிடிக்க, துணைக்கு அப்பாவும் ஓடினார்!

எழுபதைக் கடந்த எவரும் அதுவரை மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தானை முடித்ததில்லை. முதல் ஆள் நானாக இருக்க வேண்டும் என்று குறிவைத்தார் விட்லாக். 2001இல் ஓடினார். மூன்று மணி நேரம், மேலே இருபத்துச் சொச்சம் விநாடி. ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டுகிற நேரம் இருக்குமா? அதில் போய்விட்டது. விடவில்லை மனிதர். 2003, டொராண்டோ. வயது 72. இரண்டு மணி 59 நிமிடத்தில் முடித்துவிட்டார். அடுத்த ஆண்டு அதே ஊரில் 2 மணி 54 நிமிடம் 48 விநாடி. அதாவது கிலோமீட்டருக்கு நான்கு நிமிடம் ஒன்பது விநாடி. உங்கள் வீட்டில் கல்லூரி போகும் பிள்ளை இருந்தால், இந்த வேகத்தில் ஒரே ஒரு கிலோமீட்டர் ஓடச் சொல்லிப் பாருங்களேன்.

பயிற்சி எங்கே தெரியுமா? வீட்டுப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில். வண்டித் தொந்தரவு இல்லை. சுற்றிச் சுற்றி, சில நாள் மூன்று மணி நேரம்கூட ஓடுவார். பயிற்சியாளர் இல்லை, விசேஷச் சாப்பாடு இல்லை, ஷூவோ பல வருடப் பழசு.

எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இனிமேல்தான் வருகிறது. ஓடினால் மனசு லேசாகும், ஆனந்தம் பொங்கும் என்றெல்லாம் அவர் சொன்னதில்லை. பயிற்சி அலுப்புத்தான் என்று ஒளிக்காமல் சொன்னார். சாதனை வேண்டும், அதற்காக அலுப்பைப் பொறுத்துக்கொண்டார், அவ்வளவுதான். நாமோ வயதானவர் ஓடினால் 'மனசு இன்னும் இளமையா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மனசா ஓடியது? அத்தனை மணி நேரம் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிய கால்களுக்கு அது அநியாயம் இல்லையா?

85 வயதில், 2016 அக்டோபரில், நான்கு மணி நேரத்துக்குள் ஒரு மாரத்தான் ஓடினார். மறு ஆண்டு மார்ச்சில் புற்றுநோயால் காலமானார். அந்த 2:54:48 சாதனையை அதிகாரப்பூர்வமாக உடைக்க 2022 வரை ஆயிற்று. உடைத்தவர் நெதர்லாந்தின் யோ ஸ்கூன்ப்ரூட், வயது 71. அதுவும் அரை நிமிடத்துக்கும் குறைவான வித்தியாசத்தில்!

கடிகாரம் என்னை முறைக்கிறது. நம் நாட்டு மான் கௌர் 93 வயதில் ஓடத் தொடங்கி, 101 வயதில் ஆக்லாந்தில் 100 மீட்டர் தங்கம் வென்றதையும், பகவானி தேவி 94 வயதில் பின்லாந்தில் அதே தூரத்தை 24.74 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கியதையும் விரிவாகச் சொல்ல இன்னொரு நாள் கிடைக்கும் என்று நம்புகிறேன். அதற்குள் உங்கள் ஊரில் மூத்தோர் தடகளம் நடந்தால் ஒரு நடை போய் வாருங்கள். ஓடி முடித்து வருகிறவரிடம் வயதைக் கேட்காதீர்கள், எத்தனை விநாடி என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்.