பாசியும் பாலாறும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் பாசியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். பாலாற்றங்கரையில் வாழ்ந்து, தோல் பதனிடும் தொழிலில் தலைமுறை தலைமுறையாக உழைத்துவரும் நாம் பேசியே ஆகவேண்டிய பொருள் இது.

குளத்திலும் கிணற்றிலும் படரும் பாசியை வெறும் அழுக்கென்றே பலரும் கருதுகின்றனர். உண்மையில் நன்னீர் உயிர்கள் பலவற்றுக்கு அதுவே அடிப்படை உணவு. கதிரொளியைக் கொண்டு அது உணவு ஆக்குகிறது. அவ்வேளையில் பிராணவாயுவை நீரில் விடுகிறது. பாசியைச் சிற்றுயிர்கள் உண்ண, அவற்றை மீன்கள் உண்கின்றன.

இப்பாசிக்குக் கன உலோகங்கள் பெரும் பகை. செம்பு சிறிதளவு தேவை, மிகுந்தால் நஞ்சு. மயில்துத்தம் என்று நாம் அறிந்த செம்புச் சல்பேட்டை நீர்த்தேக்கங்களில் பாசியை அழிக்கவென்றே இடுவதுண்டு. பச்சையத்தின் நடுவிலுள்ள மக்னீசியத்தை அகற்றிச் செம்பு அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும், ஒளிச்சேர்க்கை தடைப்படும்.

குரோமியத்தில் இருவகை உண்டு. தோல் பதனிட இடும் உப்பிலுள்ளது மூன்று இணைதிறன் கொண்டது, நச்சு குறைந்தது. எனினும் முழுவதும் தோலில் ஏறுவதில்லை. எஞ்சியது கழிவுநீரில் சேர்கிறது. ஆறு இணைதிறன் கொண்டதோ கொடியது. இராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட்டு ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து நிலத்தடி நீரில் கலந்தது இதுவே. உருவில் சல்பேட்டை ஒத்திருப்பதால், சல்பேட்டு செல்லும் வழியாகவே இது பாசியின் உயிரணுவுக்குள் புகுந்துவிடுகிறது.

பாசி அனைத்தும் மடிவதில்லை. சில வகைகள் உலோகத்தைத் தம்முள் கட்டிவைத்துக்கொண்டு பிழைக்கும். ஆதலின், நீர் பச்சையாக இருப்பதால் அது நல்ல நீர் என்று கொள்ளலாகாது. பாசி தாங்கிய உலோகம் அதை உண்ணும் உயிர்களையும் சென்றடையும்.

தொழில் ஒழிக என்பது நம் சொல் அன்று. நம் அடுப்பு எரிவது அதனால்தான். ஆனால் கூலியும் வேண்டும், குடிநீரும் வேண்டும். மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை, வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று நிலைநிறுத்தியது. சட்டம் நம் பக்கம் இருப்பினும், அதைக் கையாளும் அறிவு நம்மிடம் இருத்தல் வேண்டும்.

இளைஞர்களே! குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருத்தலாகாது என்பது இந்தியத் தர அளவு. நம் தெருக் கிணற்றில் எவ்வளவு? 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, அரசு எடுத்த நீர் ஆய்வின் முடிவை எழுத்தில் கேளுங்கள். வேதியியலும் தாவரவியலும் பயிலுங்கள். ஆய்வுத்தாளை நம் பிள்ளைகளே படித்துப் பொருள் கூறும் நாள் வருமாயின், அதுவே இக்கழகத்தின் 25 ஆண்டு உழைப்புக்கு உற்ற பயன்.