ஒலியை யாத்தல்



பத்தாம் ஆண்டு விழாவில் யாப்பைக் குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். யாப்பைக் குறித்தே பேசுகிறேன். ஆனால் எடுத்துக்காட்டுகள் செய்யுளிலிருந்து வாரா. கணிப்பொறியில் புதிய ஒலிகளைக் கட்டும் கலையிலிருந்து வரும். நான் இசைப் பொறியியல் பயின்றவள் அல்லேன். மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியில் ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். சிறு சிறு பெட்டிகள், அவற்றை இணைக்கும் கோடுகள். அலகிட்டு வைத்த வெண்பாவைப் போல் இருந்தது. அவ்வளவே என் தகுதி.

1957ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், மேக்ஸ் மேத்யூஸ் என்னும் பொறியாளர் எழுதிய நிரலைக் கொண்டு ஐபிஎம் 704 கணிப்பொறி 17 விநாடி இசைத்தது. பின்னர் அவர் செய்ததே பெரிது. ஒலியை உண்டாக்கும் பணியைச் சிறு உறுப்புகளாகப் பகுத்தார். அலையைப் பிறப்பிப்பது ஒன்று, கூட்டுவது ஒன்று, பெருக்குவது ஒன்று. எவ்வொலி வேண்டுமென்பதை அவர் முடிவு செய்யவில்லை. உறுப்புகளைத் தந்து, பிணைப்பதைப் பயன்படுத்துவோரிடம் விட்டுவிட்டார். 1980களின் நடுவில் பாரிசு நகரத்து இர்காம் ஆய்வு நிலையத்தில் மில்லர் பக்கெட் உருவாக்கிய மென்பொருளுக்கு 'மேக்ஸ்' என்னும் பெயர் வந்தது இவரால்தான். அதே பக்கெட் 1996இல் 'பியூர் டேட்டா' என்பதனை எவரும் விலையின்றிப் பெறுமாறு வெளியிட்டார். இம்மென்பொருள்களில் கட்டப்படும் படத்தைப் 'பேட்ச்' என்கிறார்கள். யாத்தல் என்றால் கட்டுதல். எனவே அதனை யாப்பு என்றழைக்க எனக்குத் தயக்கமில்லை.

ஓர் எடுத்துக்காட்டைப் பொறுமையுடன் காண்போம். கெவின் கார்ப்ளஸ், அலெக்சாண்டர் ஸ்ட்ராங் என்னும் இருவர் 1983இல் வெளியிட்ட முறை அது. ஒழுங்கற்ற நூறு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஒலியாக்கினால் காற்றின் இரைச்சலன்றி வேறில்லை. அந்த நூற்றையும் ஒரு வளையத்தில் இட்டுச் சுழலவிடுங்கள். நொடிக்கு 44,100 எண்கள் வெளிவருமாயின், வளையம் ஏறத்தாழ 440 முறை சுழலும். அதுவே சுரத்தின் உயரம். இனி, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த இரண்டிரண்டு எண்களின் சராசரியை எடுத்து மீண்டும் வளையத்துள் அனுப்புங்கள். கூர்மை சிறிது சிறிதாகத் தேய்கிறது. மேல் அதிர்வுகள் முன்னே மடிகின்றன. அடித்தள அதிர்வு நின்று மெல்ல அடங்குகிறது. கேட்பவர், நரம்பொன்றைச் சுண்டினார்கள் என்றே சொல்வார். வளையத்தைப் பாதியாகக் குறைத்தால் சுரம் ஓர் எட்டு மேலேறும். வீணையில் தந்தியின் நட்ட நடுவில் விரல் வைத்தாற்போல. அந்தாதி பாடும் கவிஞர்களுக்கு இது புதிதாய் இராது. ஒரு சுற்றின் முடிவே அடுத்ததன் தொடக்கமாகிறது; ஆனால் ஒவ்வொரு முறையும் சற்றே தேய்ந்து.

இப்போது ஒரேயொரு கோட்டை மாற்றுங்கள். சராசரி எடுக்கும் பெட்டியை வளையத்துக்கு உள்ளேயிருந்து எடுத்து வெளியே, வாயிலில் வையுங்கள். பெட்டிகள் அவையே. நரம்போ மறைந்துவிடும். தேய்வு இல்லையாதலால், ஓயாமல் இரையும் ஒரு ரீங்காரம் மிஞ்சும். நாம் நிறுத்தும் வரை நிற்காது. சீர்கள் மாறாமலிருக்க, இடம் மாறியதால் வெண்டளை சிதைந்து வெண்பா வெண்பாவன்றிப் போவதை வகுப்பில் எத்தனை முறை காட்டியிருக்கிறேன்! காரிகை கூறும் ஆறு உறுப்புகளுள் தளைக்கு மட்டும் தனியே ஓசை கிடையாது. நின்ற சீருக்கும் வருஞ்சீருக்கும் உள்ள உறவே தளை. அவ்வுறவைக் கண்ணால் காணும் கோடாக வரைந்து வைத்திருக்கிறது இம்மென்பொருள்.

கருவிக்கும் இலக்கணம் உண்டு. பியூர் டேட்டா 64 எண்களை ஒரு தொகுதியாகவே கணக்கிடும். ஆதலால் வளையம் அதற்குக் கீழ்க் குறுகாது. நொடிக்கு 689 அதிர்வுகளுக்கு மேற்பட்ட சுரம் அந்நரம்பில் எழாது. தொகுதியைச் சிறிதாக்கினாலன்றி வழியில்லை. இதனை அறியாதவர் தம் செவியையே ஐயுறுவர்.

ஆயத்த ஒலிகள் இருக்க இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். ஜான் சௌனிங் 1967இல் ஸ்டான்ஃபோர்டில் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்ற முறை, 1983இல் யமஹா டிஎக்ஸ்7 என்னும் விசைப்பலகையாய்க் கடைக்கு வந்தது. ஆறு அலைப்பிறப்பிகள், அவற்றை இணைக்க 32 வழிகள். ஆயினும் அமைக்கும் முறை கடினமாயிருந்தமையால் பெரும்பாலோர் தொழிற்சாலை இட்டுத் தந்த ஒலிகளையே வாசித்தனர். அதன் மின்பியானோ ஒலி அக்காலத்து மேலைக் காதற்பாடல்களில் சலிக்கச் சலிக்கக் கேட்டது. நிலவையும் தென்றலையும் ஆயத்தமாய் எடுத்து வைக்கும் நம்மவரை நான் குறிப்பிடவில்லை; நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்லேன். மறுபுறமும் உண்டு. நாளெல்லாம் கோடு இழுத்தே கழித்து, ஒரு பாட்டும் செய்யாதோர் பலர். அலகிடத் தெரிந்தவரெல்லாம் கவிஞராகாதவாறு போல.

எனினும் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. பிலிப் மனூரி 1987இல் புல்லாங்குழலுக்கும் கணிப்பொறிக்குமாக 'ஜூபிடர்' என்னும் படைப்பை இயற்றினார். கலைஞர் வாசிப்பதைக் கணிப்பொறி கேட்டு, எழுதிய சுரங்களோடு ஒப்பிட்டுப் பின்தொடரும். அன்று அதனை ஒலித்தது இர்காமின் 4எக்ஸ் என்னும் பெரும்பொறி. அப்பொறியின் காலம் முடிந்துபோயிற்று. பொறியோடு படைப்பும் மாண்டிருக்க வேண்டும். மாளவில்லை. எந்த உறுப்பு எதனோடு பிணைந்தது என்பது படிக்கத்தக்கதாய் இருந்தமையால், பக்கெட் அதனைப் பியூர் டேட்டாவில் மீண்டும் யாத்தார். அதன் கோப்பு வெறும் எழுத்துகளால் ஆனது. எக்கணிப்பொறியிலும் திறந்து வாசிக்கலாம். செல்லரிக்கும் ஏட்டிலிருந்து புதிய ஏட்டுக்குப் பெயர்த்தெழுதிய பெயரறியாக் கைகளால் நமக்கு வந்து சேர்ந்தவை சங்கப் பாடல்கள். அப்பணி இசையில் இப்படி நடக்கிறது. 4எக்ஸைக் கண்ணாலும் காணாத கலைஞர் ஒருவர் குழலெடுத்து ஊத, மேசைமேல் உள்ள சிறு கணிப்பொறி அவரைப் பின்தொடரலாம்.