நம்ம தெருவை யார் எழுதுவது?

(திண்டுக்கல்லில் கலைக்கல்லூரி மாணவர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)



'இளங்கலை மாணவர்களின் ஆய்வும் படைப்பும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆய்வு என்றதும் உங்களில் பாதிப் பேருக்கு ஜெராக்ஸ் கடை ஞாபகம் வந்திருக்கும். மூன்றாம் வருசம் வந்தால் புராஜெக்ட். தலைப்பை சார் கொடுப்பார். போன வருசம் யாரோ செய்ததை வாங்கி, பெயரை மாற்றி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, நன்றியுரையில் முதல்வர் தொடங்கி எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுக் கொடுத்துவிட்டால் மார்க் வந்துவிடும். நோட்டு துறை அலமாரிக்குப் போகும். அலமாரி நிறைந்ததும் எடைக்குப் போகும். இப்போது ஜெராக்ஸ் கடைக்குக்கூடப் போக வேண்டியதில்லை. செல்போனே எழுதிக் கொடுத்துவிடுகிறது.

ஆனால் அந்தச் செல்போனிடம் ஒன்று கேட்டுப் பாருங்க. உங்க அப்பத்தாவை எந்தக் கிணற்றில் இறங்க விடவில்லை, உங்க தெருவுக்கு முதல் தெருவிளக்கு எந்த வருசம் வந்தது, அதற்கு யார் மனு எழுதிப் போட்டது என்று கேளுங்க. ஒன்று, தெரியாது என்று சொல்லும். இல்லாவிட்டால் பொய் சொல்லும். யாரும் எழுதி வைக்காததை எந்த எந்திரமும் எடுத்துக் கொடுக்க முடியாது. நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இந்த ஒரு விசயம்தான். நம்ம தெரு எழுதப்படாமல் கிடக்கிறது. அதை எழுதுகிற முதல் வாய்ப்பு, நீங்கள் வேண்டாவெறுப்பாகச் செய்கிற அந்தப் புராஜெக்ட் நோட்டுதான்.

"பி.ஏ. படிக்கிற பையன் என்ன பெரிய ஆராய்ச்சி பண்ணிருவான்?" என்று கேட்பார்கள். இது சாதாரணக் கேள்வி இல்லை. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு இளங்கலைப் படிப்புக்கு ஒரு பாடத்திட்டச் சட்டகம் வெளியிட்டது. அதன்படி முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு மதிப்பெண் எடுத்தவர்தான் நான்காம் ஆண்டில் ஆய்வுப் பிரிவுக்குப் போகலாம். தமிழ்நாடு அரசு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் அந்த எண்ணுக்குள் இருக்கிற நினைப்பு இங்கேயும் உலவுகிறது. சாயங்காலம் ஓட்டலில் இலை எடுத்துவிட்டு, காலையில் கல்லூரிக்கு வருகிறவன் 58 விழுக்காடு எடுக்கிறான். அவனுக்கு ஆய்வு கிடையாது. யாருக்கு யோசிக்கிற உரிமை உண்டு, யாருக்கு இல்லை என்று பிறப்பை வைத்துப் பிரித்தது மனுதர்மம். மார்க்கை வைத்துப் பிரித்தாலும் வாசலுக்கு வெளியே நிற்பது பெரும்பாலும் அதே ஆட்கள்தான்.

வரலாறு வேறு சொல்கிறது. 1855இல், மராட்டியத்தில், ஜோதிராவ் புலேவும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, மாங், மஹார் மக்களின் துயரம் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். வயசு பதினாலு இருக்கும். 'ஞானோதயா' என்ற பத்திரிகை அதை வெளியிட்டது. இன்றைக்கு இந்திய தலித் பெண் எழுத்தின் தொடக்கம் என்று அதைத்தான் காட்டுகிறார்கள். அது ஒரு பள்ளிப் பிள்ளையின் கட்டுரை நோட்டு.

1916 மே 9ஆம் தேதி. நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். கோல்டன்வைசர் என்ற பேராசிரியரின் மானுடவியல் கருத்தரங்க வகுப்பில் 25 வயது மாணவர் ஒருவர் கட்டுரை வாசிக்கிறார். இந்தியாவில் சாதிகள் எப்படி இயங்குகின்றன, எப்படித் தோன்றின என்பது பொருள். அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி, உடன்கட்டையும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தைத் திருமணமும் அதைக் காப்பாற்ற உண்டாக்கிய ஏற்பாடுகள் என்று அதில் நிறுவுகிறார். அடுத்த வருசம் 'இந்தியன் ஆன்ட்டிக்குவரி' இதழில் அது அச்சாகிறது. அந்த மாணவர் நம் அண்ணல். அவர் அப்போது எம்.ஏ. முடித்த ஆராய்ச்சி மாணவர், இளங்கலை இல்லைதான். ஆனாலும் அது வகுப்புக்காக எழுதிய கட்டுரை. நூறு வருசம் தாண்டியும் சாதியைப் பற்றிப் பேசுகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

இனி நம்ம ஊருக்கு வருவோம்.

இங்கேயிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வத்தலக்குண்டு. தமிழ் இலக்கிய வரலாற்றில் அந்த ஊருக்குப் பெரிய இடம் இருக்கு. பி.ஆர். ராஜம் ஐயர் அங்கே 1872இல் பிறந்தார். 'கமலாம்பாள் சரித்திரம்' 1893இல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வர ஆரம்பித்தபோது அவருக்கு உங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. 26 வயதில் இறந்தும் போனார். 'மணிக்கொடி' நடத்திய பி.எஸ். ராமையா அந்த ஊர்க்காரர். 1959இல் 'எழுத்து' தொடங்கிப் புதுக்கவிதைக்கு இடம் கொடுத்த சி.சு. செல்லப்பா அங்கே வளர்ந்தவர். அவர்கள் தங்களுக்குத் தெரிந்த வாழ்க்கையை, தங்கள் வீட்டுப் பேச்சை எழுதினார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. நான் கேட்பது இதைத்தான்: அதே வத்தலக்குண்டில் மற்றத் தெருக்களும் இருந்தனவே, அவற்றின் சரித்திரம் எங்கே?

அதே 1893இல், அக்டோபர் மாதம், சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயர் வைத்து ஒரு பத்திரிகை தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். முதல் நாவல்கள் பற்றி நமக்குப் பாடம் நடத்தியவர்கள் இந்தப் பத்திரிகைகளைப் பற்றி எத்தனை நிமிசம் நடத்தினார்கள்? நாம் எழுதாமல் இருக்கவில்லை. எழுதியதைப் பாடத்துக்குள் விடாமல் வைத்திருந்தார்கள். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி எழுந்த அலையில் 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்த பிறகுதான் வகுப்பறைக் கதவு கொஞ்சம் அசைந்தது.

திண்டுக்கல் என்றால் பூட்டு என்பார்கள், பிரியாணி என்பார்கள். தோல் ஷாப்பு என்று சொல்கிறவர்கள் குறைவு. சுண்ணாம்புக் குழியில் இறங்கித் தோலை மிதித்து, கைகால் வெந்து, இந்த ஊருக்குப் பணம் சேர்த்துக் கொடுத்தவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வாழ்க்கையையும் அவர்களது சங்கப் போராட்டத்தையும் டி. செல்வராஜ் 'தோல்' நாவலாக எழுதினார். 2010இல் வந்தது, 2012இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. நெல்லைச் சீமையில் பிறந்து இங்கே வக்கீல் தொழில் பார்த்தவர், 2019இல் காலமானார். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் காது கொடுத்துக் கேட்டு இவ்வளவு எழுதியிருக்கிறார் என்றால், அந்தத் தெருவிலேயே பிறந்து, பட்டப்படிப்பும் படிக்கிற நீங்கள் எழுதினால் எவ்வளவு வரும்?

நம்மைப் பற்றி ஆய்வே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நடக்குது, நிறைய நடக்குது. பக்கத்தில் காந்திகிராமம் இருக்கு. 1956இல் கிராமிய உயர்கல்விக்கென்று தொடங்கி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிக் கணக்கெடுப்பதைப் படிப்போடு சேர்த்து வைத்த இடம் அது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் எந்தக் கல்லூரியிலிருந்து வந்தாலும் அந்தக் கணக்கெடுப்புப் படிவத்தை உற்றுப் பாருங்க. வீட்டில் கழிப்பறை உண்டா, இல்லையா? டிக் போடு. குடிப்பழக்கம் உண்டா, இல்லையா? டிக் போடு. ஊர்ச் சாக்கடையை யார் அள்ளுகிறார்கள், அவர்கள் எந்தத் தெரு, திருவிழாவில் தேர் எந்த முக்கு வரைக்கும் வந்து திரும்புது என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. கேள்வியை யார் தயாரிக்கிறார்களோ அவர்கள் கையில்தான் அதிகாரம் இருக்கு. இத்தனை காலம் நாம் பதில் மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தோம். இனி கேள்வியை நாம் தயாரிக்க வேண்டும்.

எப்படித் தயாரிப்பது? காசு செலவில்லாத மூன்று வேலை சொல்றேன்.

ஒண்ணு, கல்யாணப் பத்திரிகை. உங்க ஊரில் நூறு பத்திரிகை சேருங்க. எல்லாச் சாதி வீட்டுப் பத்திரிகையும் வேண்டும். மாப்பிள்ளை எந்த ஊர், பெண் எந்த ஊர், என்னென்ன பட்டம் போட்டிருக்கு, எத்தனை கல்யாணம் சாதி தாண்டி நடந்திருக்கு என்று அட்டவணை போடுங்க. 1916இல் அண்ணல் சொன்னது உங்க ஊரில் இன்றைக்கு எப்படி நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும். அடுத்த ஊர்க்காரன் அதே வேலையைச் செய்தால் இரண்டையும் ஒப்பிடலாம்.

ரெண்டு, சொற்கள். பம்புசெட்டு வருவதற்கு முன்னால் இந்தச் சமவெளி முழுக்கக் கமலை இறைப்புதான். கமலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் நம்ம அருந்ததியத் தாத்தாமார்கள். வடம், வால், கூனை என்று அந்தத் தொழிலுக்கு எத்தனை சொல் இருக்கு! அந்த வேலைக்குக் களத்தில் அளந்து போட்ட தானியப் பங்குக்கு என்ன பெயர் தெரியுமா? 'சுதந்திரம்'. அகராதியிலும் இருக்கு. வருசம் முழுக்க உழைத்துவிட்டுக் களத்து ஓரத்தில் நின்று வாங்கிக்கொண்டு வந்த தானியத்துக்குப் பெயர் சுதந்திரம். இதில் ஒரு ஆய்வேடும் இருக்கு, ஒரு கவிதையும் இருக்கு. கி. ராஜநாராயணன் கரிசலுக்குச் சொல்லகராதி போட்டார். பெருமாள்முருகன் கொங்குக்குப் போட்டார். தோல் தைத்தவர் அகராதியை, சுண்ணாம்புக் குழி அகராதியை நீங்கள் போடுங்க. கமலை ஓட்டிய கடைசித் தாத்தா இருக்கும்போதே போட வேண்டும்.

மூணு, நிலம். 1892இல் வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் உங்க ஊரில் உண்டா என்று பாருங்க. கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேடு இருக்கு. காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டம் இருக்கு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்க. இது விளையாட்டு ஆராய்ச்சி இல்லை. 1994 அக்டோபரில் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். பதிவேட்டின் ஒரு வரிக்குப் பின்னால் உயிர் இருக்கு. அதனால் தனியாகப் போகாதீங்க, கூட்டமாகப் போங்க.

எழுதும்போது இரண்டு விசயத்தில் கறாராக இருக்கணும்.

நான் பேங்கில் கிளார்க் வேலை பார்க்கிறவன். அங்கே வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய் நகராது. நமக்கு நடந்த அநியாயம் உண்மை என்பதால் ஆதாரம் வேண்டாம் என்று நினைக்காதீங்க. நம்மகிட்டதான் முதலில் ஆதாரம் கேட்பான். யார் சொன்னார், எந்தத் தேதி, எந்த இடம், நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்று ஒவ்வொரு பக்கத்திலும் குறித்து வையுங்க. எழுதியதைச் சொன்னவரிடமே வாசித்துக் காட்டுங்க. கவுண்டரில் கைநாட்டு வைக்கிற அம்மாக்கள் "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுப்பா" என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்கள். அந்த உரிமை உங்க நோட்டுக்கு வாய் கொடுத்தவர்களுக்கும் உண்டு. பெயர் போட வேண்டாம் என்று சொன்னால் போடாதீங்க.

இரண்டாவது, நம்ம தெருவுக்குள்ளேயே இருக்கிற மேல் கீழை மறைக்காதீங்க. பறையர், பள்ளர், அருந்ததியர் என்று நமக்குள் இருக்கிற இடைவெளியை எழுதுங்க. அருந்ததியருக்கு 2009இல் வந்த மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது நம்ம ஆட்களே முகம் சுளித்தார்களே, அதையும் எழுதுங்க. வெளியே அடி வாங்கியவன் வீட்டுக்கு வந்து பெண்டாட்டியை அடிப்பதை எழுதுங்க. அதை மறைத்துவிட்டு விடுதலை இலக்கியம் எழுத முடியாது.

மொழி பற்றி ஒரு வார்த்தை. என் மூன்றாம் ஆண்டு ஆய்வேட்டில் ஒரு பாட்டி சொன்னதை எழுதும்போது 'வெஞ்சனம்' என்று எழுதியிருந்தேன். வழிகாட்டி அதைச் சிவப்பு மையில் அடித்து, 'கொச்சை' என்று குறித்து, 'பதார்த்தம்' என்று மாற்றினார். யோசித்துப் பார்த்தால் இரண்டு சொல்லும் வடமொழி வழி வந்ததுதான். ஒன்று எங்க அடுப்படி வழியாக வந்தது, இன்னொன்று அவங்க கூடத்து வழியாக வந்தது. எது தமிழ், எது கொச்சை என்று தீர்மானித்தது இலக்கணம் இல்லை, வீடு. நீங்கள் ஆய்வுரையைக் கட்டுரைத் தமிழில் எழுதுங்க, தப்பில்லை. ஆனால் அப்பத்தா பேசினதை அப்பத்தா பேசின மாதிரியே எழுதுங்க.

ஆய்வு வேறு, கவிதை வேறு என்று பிரித்துப் பயப்படவும் வேண்டாம். எத்தனை பேர், எந்த வருசம், எவ்வளவு கூலி என்பதை ஆய்வேடு சொல்லட்டும். கூலி வாங்கக் கையை ஏந்தியபோது தானியத்தை எவ்வளவு உயரத்திலிருந்து போட்டார்கள் என்பதைக் கவிதை சொல்லட்டும். ஆய்வேட்டில் கற்பனையைக் கலக்காதீங்க. கவிதையில் புள்ளிவிவரத்தை அடுக்காதீங்க. ஒரே நோட்டின் இரண்டு பக்கமாக வைத்துக்கொள்ளுங்க.

"சாதி பற்றியெல்லாம் வேண்டாம்ப்பா, வேற தலைப்பு எடு" என்று சொல்லுகிற வழிகாட்டிகள் இருப்பார்கள். சண்டை போட்டு மார்க்கை இழக்க வேண்டாம். 'வேளாண் தொழிற் சொற்கள்' என்று தலைப்பு வைத்துக்கொண்டு உள்ளே கமலையை எழுதுங்க. கல்லூரி இடம் கொடுக்கவே கொடுக்காவிட்டால் வெளியே சேருங்க. நா. வானமாமலை பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திக்கொண்டே 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். 1969இல் 'ஆராய்ச்சி' இதழைக் கொண்டு வந்தார். பல்கலைக்கழக நாற்காலி அவரிடம் இல்லை. கூடி உட்கார்ந்து கட்டுரை வாசிக்கிற பழக்கம் இருந்தது. மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பேர், ஒரு கட்டுரை, ஒரு கவிதை. திண்டுக்கல்லில் இது முடியாதா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். நோட்டை மூன்று பிரதி எடுங்க. ஒன்று கல்லூரிக்கு, மார்க்குக்கு. ஒன்று உங்களுக்கு. ஒன்று உங்க தெருவில் படிப்பகமோ, மன்றமோ, அங்கன்வாடியோ எது இருக்கோ அங்கே வையுங்க. அடுத்து பட்டம் படிக்கப் போகிற பிள்ளை அதை எடுத்துப் படிக்கட்டும். தப்பு இருந்தால் திருத்தட்டும். விட்ட இடத்திலிருந்து எழுதட்டும். எடைக்குப் போகாத நோட்டு அது ஒன்றுதான்.

ஜெய்பீம்.