ஒரு காய்ச்சல், பல கேள்விகள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த உரையை எங்கள் வகுப்புத் தோழிகள் பலர் சேர்ந்தே யோசித்தோம். வைத்தியரும் கணக்காளரும் ஆசிரியையும் வீட்டைப் பார்ப்பவரும் அதிலே இருக்கிறோம். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

சாதாரண தரப் பெறுபேறு வந்த கிழமையை எங்களில் ஒருவரும் மறக்கவில்லை. கெட்டிக்காரிகள் எல்லோரும் உயிரியலுக்கோ கணிதத்துக்கோ போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். கலைப்பிரிவுக்குப் போனவர்களை நாங்கள் 'பாவம்' என்று பார்த்தோம். சரித்திரத்தில் விசேட சித்தி எடுத்த ஒரு தோழி எங்களோடு உயிரியலில் வந்து உட்கார்ந்தாள். அவள் கேட்டு வரவில்லை. மூன்று தடவை பரீட்சை எழுதினாள். பிறகு வெளிநாடு போய்விட்டாள். அவளைப் பார்த்து அன்று நாங்கள் எதுவும் சொல்லவில்லை. இன்று சொல்ல வேண்டியதைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறோம்.

ஆராய்ச்சி என்றால் வெள்ளை மேலங்கியும் சோதனைக் குழாயும் என்றே நாங்கள் அப்போது நினைத்தோம். அறிவு எத்தனை வழிகளால் வருகிறது என்பதைக் காட்ட, எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். எங்கள் வகுப்பில் குளோரோகுயின் குளிசையின் கசப்பை அறியாதவர்கள் குறைவு. ஆம், மலேரியா.

1934, 1935 ஆண்டுகளில் இலங்கையில் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றது. விசித்திரம் என்னவென்றால், அது மிகக் கடுமையாகத் தாக்கியது வரண்ட வன்னியை அல்ல. கேகாலை, குருநாகல் போன்ற தெற்கு, மேற்குப் பக்கத்துப் பிரதேசங்களை. ஏன்? பூச்சியியலாளர் விடை சொன்னார்கள்: நோயைப் பரப்பும் நுளம்பு ஓடும் ஆற்றில் பெருகாது, ஆறு வற்றித் தேங்கிய குட்டைகளில் பெருகும். வானிலை அறிஞர் சொன்னார்கள்: அந்த ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. மருத்துவர் சொன்னார்கள்: அப்பகுதி மக்களுக்கு இந்த நோயை எதிர்த்த பழக்கம் உடலில் இல்லை. வரலாற்றாய்வாளர் இன்னும் ஒன்று சேர்த்தார்கள்: உலகப் பொருளாதார மந்தமும் பயிரழிவும் சேர்ந்து ஏழை வீடுகளில் ஏற்கெனவே பட்டினி இருந்தது. இந்த நான்கில் எது சரி? நான்கும் சரி. ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் முழுக் கதையைச் சொல்லா.

இன்னும் பின்னே போவோம். பெருங்குளங்களையும் நகரங்களையும் கட்டிய இராசரட்டை ஏன் கைவிடப்பட்டது? 1921இலேயே லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவ ஆய்வாளர், அழிந்த நகரங்களின் கதையில் மலேரியாவுக்குப் பங்குண்டு என்று எழுதினார். வரலாற்றாசிரியர்களோ படையெடுப்பு, ஆட்சிச் சீர்குலைவு, குளங்களின் பராமரிப்புக் குலைந்தமை என்று பல காரணங்களை முன்வைத்தார்கள். இந்த விவாதத்தைத் தொகுத்து 1971இல் நூலாகப் பதிப்பித்தவர் எங்கள் பேராசிரியர் கார்த்திகேசு இந்திரபாலா. ஒரு மருத்துவரின் கட்டுரைக்குக் கல்வெட்டும் நூற்சான்றும் படித்தவர்கள் மறுமொழி சொன்னார்கள். நுளம்பு வந்ததால் மக்கள் போனார்களா, மக்கள் போய்க் குளம் உடைந்ததால் நுளம்பு வந்ததா என்பதை எந்த ஆய்வுகூடமும் தனியே தீர்க்க முடியாது.

மருந்துக்கு வருவோம். 1960களின் இறுதியில் குளோரோகுயினுக்கு மலேரியாக் கிருமி பணியாத நிலை பல நாடுகளில் இருந்தது. சீனாவில் து யூயூ என்ற பெண் விஞ்ஞானி, மாசிபத்திரிக்கு உறவான ஒரு செடியைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை பலன் தெரியும். மறு தடவை தெரியாது. அவர் பழைய நூல்களுக்குத் திரும்பினார். நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கெ ஹோங் எழுதிய மருத்துவக் கைந்நூலில், அந்தச் செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி இருந்தது. காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. குறைந்த வெப்பத்தில் ஈதர் கொண்டு பிரித்தெடுத்தார். ஆட்டெமிசினின் கிடைத்தது, 2015இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது. பழைய ஏட்டில் ஒரு வரியைக் கவனித்து வாசிப்பது தமிழ் ரீச்சர் எங்களுக்குப் பழக்கிய வேலை. அந்த வேலை இரசாயனத்தின் கதவைத் திறந்தது.

இனி, இந்த மண்டபத்துக்கு மிக நெருக்கமான ஒன்று. இரண்டாம் உலகப் போர் முடியும் காலத்தில் இங்கே டீடீற்றி தெளிக்கத் தொடங்கினார்கள். 1946இல் ஆயிரத்துக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு விழுந்தது. அதில் எவ்வளவு டீடீற்றியால், எவ்வளவு உணவாலும் புதிய ஆஸ்பத்திரிகளாலும் என்று குடித்தொகையியலாளர் பல ஆண்டுகள் வாதாடினார்கள். பின்னர் 2010இல் ஏட்ரியன் லூகாஸ் என்ற பொருளியலாளர் வேறு ஒரு கேள்வி கேட்டார். நுளம்பு போனபின் பெண்பிள்ளைகளின் படிப்புக்கு என்ன நடந்தது? இலங்கையையும் பராகுவேயையும் எடுத்துப் பார்த்தார். முன்பு மலேரியா மிகுந்திருந்த பகுதிகளில், அது ஒழிந்தபின் பிறந்த பெண்கள் கூடுதல் காலம் படித்திருந்தார்கள், எழுத்தறிவும் கூடியிருந்தது. தாய் வயிற்றிலும் சிறுவயதிலும் காய்ச்சல் தொடாத பிள்ளை வகுப்பில் நிலைத்தாள். இதைக் கண்டவர் ஒரு துளி இரத்தம்கூடச் சோதிக்கவில்லை. அவர் படித்தது புள்ளிவிவரங்களை.

வைத்தியர்களான நாங்கள் இதை எப்படிக் கற்றோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறோம். இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அதற்குப் பிறகு, நாங்கள் வேலை செய்த ஒரு வார்ட்டுக்குக் காய்ச்சலோடு ஒரு இளைஞர் வந்தார். டெங்கு என்று நினைத்தோம். குருதிச் சிறுதட்டுகளை நாளுக்கு இரண்டு தடவை எண்ணினோம். மூன்றாம் நாள் இரவு, ஒரு தாதி அவருடைய தாயோடு கதைத்துக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது: பிள்ளை ஆபிரிக்காவில் வேலை செய்து அந்த மாதம்தான் திரும்பியிருந்தார். இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தோம். மலேரியா. அவர் பிழைத்தார். அது எங்கள் கெட்டித்தனத்தால் அல்ல.

நோயாளியிடம் முதலில் கேட்பதை மருத்துவத்தில் 'வரலாறு' என்றே சொல்கிறோம். எங்கிருந்து வந்தாய், யாரோடு இருந்தாய், அதற்கு முன் என்ன நடந்தது என்பவை அதன் கேள்விகள். எங்கள் தோழி பதினாறு வயதில் மிக நன்றாகக் கேட்டவை. எங்களிடம் கருவிகள் எல்லாம் இருந்தன, கேள்வி இருக்கவில்லை.

இதைச் சொல்வது விஞ்ஞானத்தைக் குறைக்க அல்ல. ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு விதமான சான்று. இரசாயனவியலாளர் சோதனையைத் திரும்பவும் செய்து பார்ப்பார். வரலாற்றாசிரியர் 1934ஐத் திரும்பவும் நடத்திப் பார்க்க முடியாது; ஆவணங்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பார். சமூகவியலாளர் திண்ணையில் இருந்து கேட்பார். கவனக்குறைவு எந்தத் துறையிலும் பிழைதான். உழைப்பு எந்தத் துறையிலும் உழைப்புத்தான்.

வெளிநாடுகளில் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. சான்றிதழ் கிடைத்த அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் ஒரு புதிய மலேரியா நுளம்பு இனம் கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி அது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகக்கூடியது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. குடம்பியை எடுத்து இனம் சொல்வதற்கு விலங்கியல் படித்தவர் வேண்டும். ஆனால் பூட்டிக் கிடக்கும் வீட்டின் கிணற்றை யார் மூடுவது, அதில் யார் மீன் விடுவது, சாவி யாரிடம், உறுதி யார் பெயரில் என்பவற்றுக்கு விடை ஆய்வுகூடத்தில் இல்லை. குடும்பத்தையும் காணியையும் இடப்பெயர்வையும் ஆராய்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுக் கிணற்றையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாகச் சங்கத்திடம் ஒரு கோரிக்கை. ஒவ்வொரு ஆண்டும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவாகும் பிள்ளைகளை மேடைக்கு அழைத்து மாலை போடுகிறோம், உதவிப்பணமும் கொடுக்கிறோம். மற்றவர்கள் கீழே இருந்து கைதட்டுகிறார்கள். நூற்றாண்டு முதல், வரலாறு, மொழி, புவியியல், பொருளியல், நுண்கலை என்று எந்தத் துறைக்குப் போகும் பிள்ளைக்கும் அதே மாலையும் அதே தொகையும் இருக்கட்டும். எங்கள் வகுப்பின் பங்கை முதலில் தருகிறோம்.

இந்த உரையை அந்தத் தோழிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப ஒருதரும் இதைச் சொல்லேல்லையே" என்றாள். நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். இப்போது ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் இருக்கும் தங்கைமாருக்காவது நேரத்தோடு சொல்லிவிடுவோம்.