அடுப்புக்கும் ஒரு கணக்கு



ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா கிராமத்து அடுப்பங்கரைக்குள் போனால் கண் எரியும். ஈர விறகு எரியாது, புகையும். கோடையிலேயே வரட்டி தட்டிப் பரணில் அடுக்கியவர் தப்பித்தார். மற்றவர்கள் தென்னைமட்டை, பருத்திமார், கருவைமுள் என்று கிடைத்ததைச் செருகி, ஊதாங்குழலை எடுக்க வேண்டியதுதான். நம் பக்கத்தில் காடு கிடையாது. வயலும் வாய்க்கால் கரையும் கொடுப்பதுதான் விறகு. அதுவும் குறைகிறது. டிராக்டர் வந்தது, உழவு மாடு போனது, மாட்டோடு சாணமும் போனது. ஆண்களின் உழவு இலகுவான அதே காலத்தில் பெண்களின் விறகு நடை நீண்டது.

கேஸ் அடுப்பு வராமல் இல்லை. 2007-ல் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. 2016-ல் வந்த உஜ்வலா திட்டம் பெண்ணின் பெயரிலேயே இணைப்புத் தந்தது. ஆனாலும் பல வீடுகளில் கேஸ், டீ போடவும் விருந்தாளிக்குச் சமைக்கவும்தான். சோறு வடிப்பதும் வெந்நீர் காய்வதும் விறகில். கேட்டால், "வீட்டுப் பொம்பளைங்களுக்கு விறகடுப்புதாங்க பழக்கம்" என்று பதில் வரும்.

இதை நான் ஏற்கமாட்டேன். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள், விறகில் சமைத்துவந்த கர்ப்பிணிகளை நாகப்பட்டினம், விழுப்புரம் பகுதிகளில் ஓர் ஆய்வில் சேர்த்தார்கள். குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவையும் சேர்த்து மொத்தம் 3,200 பெண்கள். பாதிப் பேருக்கு அடுப்பும் கேஸும் 18 மாதம் இலவசமாக வீடு தேடி வந்தன. 2022-ல் முடிவுகள் வெளியாயின. குழந்தைகளின் பிறப்பு எடையில் எதிர்பார்த்த வித்தியாசம் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் கேஸ் கிடைத்த பெண்கள் விறகைக் கிட்டத்தட்ட அடியோடு விட்டுவிட்டார்கள். விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு நுண்துகள் 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தது. கேஸ் கிடைத்தவர்களுக்கு அது 24.

ஆக, தடுப்பது பழக்கம் அல்ல, பணம். அந்தப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்பவர் யார் என்பதும் கூட. வயல் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். உர மூட்டைக்குக் கடனாவது வாங்கிவிடுகிறோம். சிலிண்டர் மட்டும் காத்திருக்கிறது. விறகுக்குத்தான் காசு கொடுக்க வேண்டியதில்லையே என்கிறோம். நடவுக்குப் போய், ஆணைவிடக் குறைந்த கூலியோடு திரும்பி, இருட்டுவதற்குள் முள் வெட்டப் போகிறவருடைய நேரமும் நெஞ்சும்தான் அந்த விறகின் விலை.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியது. அதிலேயே சிலிண்டரும் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், குழுக் கடன் தவணைக்கும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கும் அவர் எங்கே போவார்?

கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தச் சம்பாவுக்கு விதை, உரம் என்று பணம் ஒதுக்கும்போது, அறுவடை வரைக்குமான சிலிண்டர் பணத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள். அதை வீட்டுப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.