நாடிழந்தவர்களுக்கு ஒரு முதலீடு: அன்னா நொத்தாராவின் அறப்பணி



செல்வம் உள்ளவர் ஏழைக்குக் கொடுத்த கதைகள் நமக்கு நிறையத் தெரியும். ஊரே பறிபோன ஒரு சமூகத்துக்கு, தானும் ஊரை இழந்த ஒரு பெண் எதை வாங்கிக் கொடுத்தார் என்பதுதான் இன்றைய உரை. அவர் பெயர் அன்னா நொத்தாரா. வாழ்ந்தது பதினைந்தாம் நூற்றாண்டு. குடியேறிய ஊர் வெனிஸ்.

அவருடைய தந்தை லூக்காஸ் நொத்தாரஸ், பைசாந்தியப் பேரரசின் கடைசித் தலைமைக் கடற்படைத் தளபதி, பெரும் வணிகர். லத்தீன் ஆயரின் முடியைவிடத் துருக்கியரின் தலைப்பாகையே மேல் என்று அவர் சொன்னதாக வரலாற்றாசிரியர் தூகாஸ் எழுதிவைத்திருக்கிறார். உண்மையில் அப்படிச் சொன்னாரோ இல்லையோ, பணத்தை அவர் லத்தீன்காரர்களின் ஊர்களில்தான் போட்டுவைத்திருந்தார். ஜெனோவாவின் புனித ஜார்ஜ் வங்கியில் அவருக்குப் பெரிய இருப்பு இருந்தது. ஜெனோவாவிலும் வெனிஸிலும் குடியுரிமையும் இருந்தது. மேடையில் ஒரு பேச்சு, கணக்கில் ஒரு பேச்சு என்று சிரிக்கலாம். ஆனால் குடும்பத்தில் எஞ்சியவர்களைக் கரைசேர்த்தது அந்தக் கணக்குதான்.

1453 மே 29 அன்று கான்ஸ்தாந்திநோபிள் விழுந்தது. சில நாட்களில் லூக்காஸ் கொல்லப்பட்டார். அன்னாவும் சகோதரிகளும் முற்றுகைக்கு முன்பே இத்தாலிக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். சுல்தானின் அரண்மனையில் சில ஆண்டுகள் கிடந்து தப்பிவந்த சகோதரன் யாக்கோபோஸுக்கும் அன்னாவுக்கும் பிற்பாடு சொத்து வழக்கு மூண்டது. இதை மறைத்து அவரைத் தெய்வமாக்கிப் பேசுவதில் எனக்கு விருப்பமில்லை. அவர் கப்பல் விட்டவரில்லை, கடை வைத்தவரும் இல்லை. முதலைக் காப்பது, வட்டியை வசூலிப்பது, உரிமையை விடாமல் வழக்காடுவது, ஆள் வைத்துப் பேரம் பேசுவது: அவர் செய்த தொழில் இதுதான். தொழிலதிபர் என்று இன்று நாம் அழைப்பவர்களில் பலர் இதைத்தான் செய்கிறார்கள்.

அவருடைய முதல் திட்டம் மிகப் பெரியது. 1472இல், அவர் சார்பில் சியேனா நகராட்சியோடு ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. மரேம்மா பகுதியில் மொந்தவுத்தோ என்ற பழைய கோட்டையையும் அதைச் சுற்றிய நிலத்தையும் பெற்று, கிரேக்க அகதிகளைக் குடியேற்றி, அவர்களைத் தங்கள் சொந்தச் சட்டப்படியே வாழவிடுவது என்பது ஏற்பாடு. மரேம்மா சதுப்பும் காய்ச்சலும் நிறைந்த பூமி. ஆள் குறைந்துபோன அந்த நிலத்தில் எவரையாவது குடியேற்ற வேண்டும் என்ற கவலை சியேனாவுக்கு. இவர்களுக்கோ இடம் வேண்டும். பேரம் படிந்தது, காரியம் நடக்கவில்லை. கிரேக்க நகரம் அங்கே எழவே இல்லை.

அந்தப் பத்திரத்தில் அன்னா, கடைசிப் பேரரசர் பதினோராம் கான்ஸ்தாந்தீனுக்கு உரியவர் என்ற உரிமையோடு நிற்கிறார். நிச்சயிக்கப்பட்டவர் என்பார் சிலர், மனைவி என்பார் சிலர். அறிஞர்கள் இரண்டையும் சந்தேகிக்கிறார்கள். இதைப் பொய் என்று நான் சட்டென்று ஒதுக்கமாட்டேன். நாடு போனவர்களுக்குப் பெயரும் ஒரு மூலதனம். அதை எங்கே முன்வைத்தால் பலிக்கும் என்று பார்த்து முன்வைத்திருக்கிறார்.

வெனிஸில் அவர் கேட்டது மிகச் சிறியது: தம் வீட்டில் கிரேக்க முறைப்படி வழிபட ஓர் அறை. இதற்கு ஏன் அரசின் அனுமதி என்று தோன்றலாம். 1439இல் பிளாரன்ஸில் கிரேக்க, லத்தீன் திருச்சபைகள் இரண்டும் ஒன்றாகிவிட்டதாக அறிவிப்பு வந்தது. ஒற்றுமை காகிதத்தோடு நின்றது. வெனிஸ் 1470இல் கிரேக்க வழிபாட்டைப் புனித பியாஜோ ஆலயத்துக்குள் மட்டும் என்று ஒடுக்கியது. அப்படியிருந்தும் 1475இல், அந்த ஊரே அஞ்சிய பதின்மர் அவை, அன்னாவின் வீட்டுக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஒரு வீட்டுக் கதவு திறந்ததால் சமூகத்துக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு என்று எழுத்தில் வந்துவிட்டது, அதுதான் லாபம். 1498இல் கிரேக்கர்கள் புனித நிக்கொலாஸ் பெயரில் சங்கம் அமைக்க அனுமதி பெற்றார்கள். ஆண் உறுப்பினர் 250 பேருக்கு மேல் கூடாது என்று நிபந்தனை. பெண்களுக்கு வரம்பே இல்லை. பெண்கள் கூடினால் என்ன ஆகிவிடும் என்று அதிகாரிகள் எண்ணினார்கள் போலும்!

என் மனம் அதிகம் நிற்பது அவர் துணைநின்ற கிரேக்க அச்சகத்தில். கிரேத்தா தீவின் நிக்கொலாவோஸ் விலாஸ்தோஸ் அன்னாவின் காரியங்களைப் பார்த்துவந்தவர். அதே தீவின் ஸகாரியாஸ் கல்லியெர்கிஸ் எழுத்து வெட்டும் கலைஞர். கிரேக்க எழுத்தை அச்சில் வார்ப்பது அன்று பெரும் தலைவலி. உயிரெழுத்துகளின் மேல் தொனிக்குறி, மூச்சுக்குறி என்று வரும். எழுத்து ஒருபுறமும் குறி ஒருபுறமுமாக விலகி நிற்கும். குறியும் எழுத்தும் ஒட்டி நிற்கும் அச்சுமுறைக்கு விலாஸ்தோஸ் 1498இல் வெனிஸ் அரசிடம் தனியுரிமை வாங்கினார். மறு ஆண்டு ஜூலையில் ‘எத்திமோலோகிகும் மாக்னும்’ என்ற மாபெரும் சொல்லகராதி வெளிவந்தது. பெரிய தாள், ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் சிவப்பு மையில் கொடியும் பூவும் பின்னிய பட்டை. பைசாந்தியக் கையெழுத்துச் சுவடியை விரித்ததுபோல் இருக்கும். அதே ஊரில் ஆல்தோ மனூத்சியோ கிரேக்க நூல்களை அச்சிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய எழுத்து விரைவாக எழுதும் கையைப் போன்றது. கல்லியெர்கிஸின் எழுத்தோ நிதானமானது. அழகில் இவருக்குத்தான் என் ஓட்டு, வியாபாரத்தில் ஆல்தோவுக்கு.

அந்நூலின் இறுதிக் குறிப்பைக் கவனியுங்கள். செலவு விலாஸ்தோஸ் பெயரில், உழைப்பு கல்லியெர்கிஸ் பெயரில், தூண்டுதல் அன்னா பெயரில். அங்கே அவர் லூக்காஸின் மகள், அவ்வளவுதான். பேரரசர் பேச்சே இல்லை. சியேனாவில் தேவைப்பட்ட பட்டம் அகராதிக்குத் தேவைப்படவில்லை. செலவான பணம் உண்மையில் யாருடையது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காரியம் பார்ப்பவரின் கையெழுத்தில் எசமானியின் பணம் போவது வணிக வீடுகளில் புதிதல்ல என்பேன்.

அரிஸ்டாட்டில் உரைகள், காலேனின் மருத்துவ நூல் என்று இன்னும் சில அச்சிட்ட பின் 1500இல் அச்சகம் நின்றது. கல்லியெர்கிஸ் பின்னாளில் ரோமுக்குப் போய் 1515இல் பிந்தாரின் பாடல்களை அச்சிட்டார். கணக்குப் பார்த்தால் நட்டம். ஆனால் சியேனாத் திட்டத்தைப் போல் இது காற்றோடு போகவில்லை. அந்தப் பிரதிகள் இன்றும் ஐரோப்பிய நூலகங்களில் இருக்கின்றன.

அன்னா 1507இல் காலமானார். கோவில் கேட்கும் விண்ணப்பத்தை வெனிஸ் படையில் இருந்த கிரேக்கக் குதிரைவீரர்கள் 1511இல்தான் கொடுத்தார்கள். 1539இல் கட்டத் தொடங்கிய புனித ஜார்ஜ் கோவில் 1573இல் முடிந்தது. துறைமுகத்துக்கு வந்த கிரேக்கக் கப்பல்களிடம் வசூலித்த தொகையும் அதில் சேர்ந்தது. அன்னாவிடம் இருந்த திருவுருவப் படங்கள் சில அந்தக் கோவிலுக்கே வந்து சேர்ந்தன. அக்கோவிலையொட்டி 1951 முதல் கிரேக்க ஆய்வு நிறுவனம் ஒன்று உண்டு. சங்கத்தின் பழைய ஏடுகள் அங்கே இருக்கின்றன. புனித ஜார்ஜ் வங்கியின் கணக்குகள் ஜெனோவாவின் அரசு ஆவணக் காப்பகத்தில். மாணவர் எவரேனும் இந்த அம்மையாரைப் பற்றி ஆய்வு செய்ய முன்வந்தால், கிரேக்கத்தோடு லத்தீனும் இத்தாலியமும் படித்துக்கொண்டு முதலில் ஜெனோவாவுக்குப் போகட்டும். வட்டிக் கணக்குகள் அங்கேதான் இருக்கின்றன.