நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்திருங்கள்



கேள்வி கேட்பதுதான் என் தொழில். ஆனால் என் பெரிய மாமாவுடன் இருதய நிபுணரின் முன் உட்கார்ந்திருந்த அன்று, எனக்கு வாயில் வந்தது ஒரே கேள்விதான். "ஒன்றும் ஆகாதுதானே, டாக்டர்?"

மாமாவுக்கு அப்போது வயது 82. தோட்டத்தில் பால்மரம் சீவிய உடம்பு. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கியது; ஒருநாள் கோயில் வாசலிலேயே மயங்கி விழுந்தார். இருதயத்திலிருந்து உடலுக்கு இரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கிறது அயோர்டிக் வால்வு. அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து சுருங்கிவிட்டது என்றார்கள். நெஞ்சைப் பிளக்காமல், தொடை இடுக்கிலுள்ள இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் மூலம் புது வால்வைப் பொருத்தலாம். 'டாவி' என்று இதற்குப் பெயர். 2002ஆம் ஆண்டு பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் அலான் கிரிபியே முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்த சிகிச்சை இது.

என் கேள்விக்கு டாக்டர் பதில் சொல்லவில்லை. மாமாவைப் பார்த்து, "கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காருங்கள் ஐயா" என்றார். மாமாவுக்கு வந்ததே கோபம்! "நெஞ்சைப் பார்க்க வந்தா தோப்புக்கரணம் போடச் சொல்றாரே!"

அந்தத் தோப்புக்கரணத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 2010இல் வெளிவந்த 'பார்ட்னர்' ஆய்வில், திறந்த அறுவைச் சிகிச்சையைத் தாங்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களை இரு பிரிவாக்கினார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டுக்குள் 100க்கு ஏறக்குறைய 51 பேர் இறந்தார்கள். டாவி செய்துகொண்டவர்களில் 31 பேர். பெரிய வெற்றிதான். ஆனால் அந்த 31 பேருக்கும் சிகிச்சை கிடைத்ததே, ஏன் பிழைக்கவில்லை?

அதுவரை கையிலிருந்த அபாயக் கணக்குகள் திறந்த அறுவைச் சிகிச்சைக்காக உருவானவை. வயது, சிறுநீரகம், நுரையீரல், சர்க்கரை என்று நோய்களைக் கூட்டிப் பார்க்கும். ஒரே வயது, ஒரே நோய்கள் உள்ள இரண்டு பேரில் ஒருவர் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருவார்; மற்றவர் சாய்வு நாற்காலியை விட்டு எழமாட்டார். அந்த வித்தியாசம் கணக்கில் சரியாக விழவில்லை.

2017இல் கனடா, அமெரிக்கா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் 14 மருத்துவமனைகளில், 70 வயதைத் தாண்டிய 1,020 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. தளர்ச்சியை அளக்கும் ஏழு முறைகளை ஒப்பிட்டதில், ஓராண்டுக்குள் நேரக்கூடிய மரணத்தை மிகச் சரியாகக் கணித்தது மிக எளிய முறைதான். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ 15 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் 1 புள்ளி. எழவே முடியாவிட்டால் 2. நினைவாற்றல் குறைவு, இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு, அல்புமின் என்ற புரதம் குறைவு, ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 5. புள்ளி ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

மாமாவுக்கு 18 விநாடி ஆனது. ஹீமோகுளோபினும் குறைவு. ஆக, 2.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று. வயதை யாரும் குறைக்க முடியாது. இரத்தத்தையும் கால் பலத்தையும் தேற்ற முயற்சியாவது செய்யலாம். சிகிச்சைக்கு முன் சில வாரங்கள் இரும்புச் சத்து, முட்டை, பருப்பு, தினமும் நாற்காலிப் பயிற்சி. "புள்ளி குறைந்தால் ஆபத்தும் அதே அளவு குறையும் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன்" என்று டாக்டர் வெளிப்படையாகச் சொன்னார்.

"இதையெல்லாம் அவரிடம் சொல்லாதீங்க, பயந்துடுவார்" என்று அத்தை கெஞ்சினார். நம் வீடுகளில் வழக்கமாக நடப்பதுதானே? டாக்டர் கேட்கவில்லை. மாமாவிடமே சொன்னார். இசிஜியில், இருதயத்தின் மின்தடத்தில் வலது கிளை ஏற்கெனவே தடைபட்டிருக்கிறது. அந்தத் தடம் வால்வை ஒட்டியே ஓடுவதால், புது வால்வு அழுத்தினால் துடிப்பு குறையலாம். இப்படிப்பட்டவர்களுக்கு பேஸ்மேக்கர் தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். "100 பேரில் இத்தனை பேர் என்று சொல்ல முடியும். அந்த நூறில் நீங்கள் யார் என்று எந்தக் கணினியும் சொல்லாது, ஐயா."

பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார். "குணமானால் என்ன செய்ய ஆசை?"

"காலையில கடைக்கு நடந்து போய்ப் பேப்பர் வாங்கணும்" என்றார் மாமா. அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார். உயிர் பிழைப்பது ஒரு கணக்கு, வாழ்க்கை திரும்புவது இன்னொரு கணக்கு என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். ஆகவே உங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சு எழுந்தால், 30 நாளுக்கான ஆபத்தோடு நிறுத்தாமல், ஓராண்டு கழித்து அவர் எப்படி நடமாடுவார் என்றும் கேளுங்கள். பக்கவாதம், இரத்தப்போக்கு, பேஸ்மேக்கர் ஆகியவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள். பெரியவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் இரவு மாமாவின் நாடித்துடிப்பு இறங்கியது. பேஸ்மேக்கர் வைத்தார்கள். நான்தான் பதறினேன். அத்தை அழவில்லை. "அதான் முன்னாடியே சொன்னாரே" என்று பிளாஸ்க்கைத் திறந்து எனக்குக் காப்பி ஊற்றினார்.

மாமா இப்போது கடைக்கு நடந்துதான் போகிறார். தோப்புக்கரணக் கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.